கணாரன் கழற்றாத குணுக்கு

எங்கள் கல்லேரிக்கடவில் ஒருவர் போய்ச் சேர்ந்தால் முதலில் கேட்பது அழுகைச் சத்தம். அடுத்தது எங்கள் எல்லோருக்கும் அண்ணனான கணாரேட்டனின் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." சிதை எரிந்து அடங்குவதற்குள் அந்த வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு, எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையாக வந்து இரங்கல் பேசிவிட்டுப் போக வேண்டும். அது நடக்கவில்லையென்றால் செத்தவர் சரியாகச் சாகவில்லை என்று அர்த்தம். வரப்புத் தகராறில் முந்தின வாரம்வரை கோர்ட்டுக்கு அலைந்தவன்கூட மைக்கைப் பிடித்து "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்பான். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போகாமல் இருக்க மாட்டேன்.

நான் விலாசினி. உதயா கிளப்பை ஒட்டி என் தையல் கடை. நடுவில் ஒரு பலகைச் சுவர், அதில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் கணாரேட்டனின் வாழ்க்கையில் பாதியை நான் பார்த்தேன்.

அவர் சின்ன வயதில் கோழிக்கோட்டுக்குப் போய் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாக இருந்தவர். திரும்பி வரும்போது ஒரு ஆம்ப்ளிபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவர் மைக்தான். ஊருக்கே பேச மைக் கொடுத்த மனிதர், தான் மட்டும் பேச மாட்டார். பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் வாயே திறக்கவில்லையாம். பெண்வீட்டார் ஊமை என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு அவரே போகவில்லை. அக்கா வீட்டு மாடியறையில், ஒயர்களுக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் காலம் போயிற்று.

அவர் பேசியது ஒருவனிடம் மட்டும்தான். அவன் பவித்ரன், எங்கள் ரூட் பஸ் டிரைவர். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. என் பின்னலை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு அடி வாங்கியவன். அவன் பஸ்ஸில் கிளீனராக இருந்த காலத்தில் கணாரேட்டனின் ஸ்பீக்கர்களைக் கூரையில் ஏற்றி இறக்கிக் கொடுப்பான். அப்படித் தொடங்கிய பழக்கம். பவித்ரன் வாயாடி, அவர் வாயில்லாப் பூச்சி. அவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வான். "ஏட்டன் என்ன சொல்றார்ன்னா," என்று ஆரம்பித்து அவர் மனதில் இருப்பதை அப்படியே சொல்வான். அவர் தலையாட்டுவார்.

தினமும் சாயந்திரம் பவித்ரன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்ததும் கிளப்பில் சீட்டாட்டம். இருபத்தெட்டு. மொத்தம் இருபத்தெட்டு புள்ளி, அதில் எத்தனை பிடிப்போம் என்று பதினாலில் தொடங்கி ஏலம் கேட்க வேண்டும். காசுக்கு இல்லை. காசு வைத்து ஆடியிருந்தால் இவ்வளவு வெறி வந்திருக்காது. இரண்டு பேர் ஒரு ஜோடி, எதிரெதிரே உட்கார வேண்டும். கணாரேட்டனும் பவித்ரனும் ஒரு ஜோடி. பள்ளிக்கூட வாத்தியார் அச்சுதன் மாஷும் மீன் ஏலக்கார மொய்துவும் இன்னொரு ஜோடி. தோற்ற ஜோடி காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். குடைக்கம்பியை வளைத்து, அதில் சோடா பாட்டில் மூடிகளைக் கோத்த குணுக்கு. செய்தவன் பவித்ரன். நூல் என் கடையுடையது. மறுபடி ஜெயித்தால்தான் கழற்றலாம். குளிக்கும்போது கழற்றலாமா என்று ஒருமுறை பெரிய தர்க்கம் நடந்து, மாஷ் சட்டப் புத்தகம் படித்தவர்போல் "கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த நாளே தோற்று, தானே குணுக்கோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்.

காலையில் பஸ் ஏறுகிறவர்கள் டிரைவர் காதைப் பார்த்தே நேற்றைய ஆட்டம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வார்கள். மூடி தொங்கினால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பவித்ரன் ஹாரனை அடித்துக்கொண்டே தலையை ஆட்டி மூடியைக் குலுக்கிக் காட்டுவான். அவன் மனைவி ரோஹிணிகூடச் சிரிப்பாள். அவள் சிரிப்பதே அபூர்வம். பால் சொசைட்டியில் பால் அளக்கிறவள். பாலில் கைப்பிடித் தண்ணீர் கலந்திருந்தாலும் கருவியை வைப்பதற்கு முன்பே கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அவளுக்குப் பயந்து எங்கள் ஊர் மாடுகள் கெட்டிப்பால் கறக்கின்றன என்று பவித்ரன் சொல்வான்.

மழை விட்டிருந்த ஒரு சாயந்திரம் நான் மெஷினில் இருந்தேன். பலகைக்கு அந்தப்பக்கம் வழக்கமான சத்தம். கணாரேட்டன் குரல் மட்டும் உயர்ந்து, "இருபத்திரெண்டு" என்றது. பதினாறுக்கு மேல் கேட்காத மனிதருக்கு இன்று என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மொய்து சிரிக்கிறார், மாஷ் சிரிக்கிறார். தோற்றுவிட்டார்கள். நாற்காலி நகர்கிற சத்தம். இன்னொரு சிரிப்பு. பிறகு யாரோ "பவித்ரா" என்றார்கள். சும்மா கூப்பிடுகிற மாதிரிதான் கேட்டது. இரண்டாம் முறை கேட்டபோது நான் ஊசியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அவன் மேஜைமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தான். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. பாவி, யாரையும் ஒரு வார்த்தை திட்டக்கூட நேரம் கொடுக்காமல் போய்விட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது யாருக்கும் எதுவும் கவனத்தில் இல்லை. ரோஹிணிதான் பார்த்தாள். அவள் அழவில்லை. குனிந்து அவன் தலையை ஒரு பக்கம் திருப்பி, காதிலிருந்து அந்தச் சோடா மூடியைக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. செத்தவன் காதில் தோற்றவன் குணுக்கு.

சிதை எரியும்போதே நாற்காலி போட வந்தவர்களிடம் ரோஹிணி வெளியே வந்து சொன்னாள்:

"உயிரோட இருந்தப்ப நானும்தான் சிரிச்சேன். காதுல மூடியோட கொண்டுவந்து கிடத்தினீங்களே, அது போதும். இனி என் முற்றத்துல கூட்டம் வேண்டாம்."

எடுத்த நாற்காலிகளைத் திரும்பக் கொண்டுபோனார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இரங்கல் கூட்டம் இல்லாமல் எரிந்த ஒரே ஆள் பவித்ரன்தான். எத்தனையோ அயோக்கியர்களுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு என்று பேசிய ஊர், அவனுக்குப் பேச ஒரு வார்த்தை இல்லாமல் கலைந்தது.

கூட்டம் கலையும்போதுதான் கணாரேட்டனைப் பார்த்தேன். மாமரத்தடியில் நின்றிருந்தார். அவர் காதில் குணுக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்ற மறந்திருப்பார் என்று நினைத்தோம். மறுநாளும் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. கோயிலுக்கு மைக் கட்டப் போனபோது சின்னப் பையன்கள் சிரித்தார்கள், பெரியவர்கள் அவர்களை அடக்கினார்கள். மொய்து மீன் சந்தையில் எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கணாரா, ஆட்டம் முடிஞ்சுபோச்சுடா, கழட்டு," என்று அழுதார். அச்சுதன் மாஷ், விதி போட்டது நாங்கள்தான், நாங்களே எடுத்துவிடுகிறோம் என்றார். சரி, ஜெயித்தால்தான் கழற்றுவாய் என்றால் ஜெயித்துவிடு, உனக்கு ஜோடியாக நான் உட்காருகிறேன் என்று கிளப்பில் நாலைந்து பேர் வந்தார்கள். கணாரேட்டன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னார்: "அந்த இடத்துல யாரும் உட்கார வேண்டாம்."

கம்பி துருப்பிடித்துக் காது புண்ணாகிவிட்டது. நான் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவப் போனால் அதற்கு மட்டும் காட்டுவார். "இப்படியே அழுகிப் போகட்டும்னா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பவித்ரன் இருந்திருந்தால் "ஏட்டன் என்ன சொல்றார்ன்னா," என்று ஆரம்பித்திருப்பான். இப்போது அவர் மனதில் இருப்பதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் நெருங்கியபோது அவரே என் கடை வாசலுக்கு வந்தார். பவித்ரனுக்கு ஒரு நினைவுக் கூட்டம் நடத்த வேண்டும் என்றார். தானாக ஒரு காரியத்துக்கு அவர் வாய் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் பார்க்க வேண்டுமே. வீடு வீடாக ஏறினார். நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். இரண்டு கட்சிக்காரர்களும் யார் முதலில் பேசுவது என்று கிளப்புக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள். செத்தவன் உங்க ரெண்டு பேர் கொடியையும் பஸ்ஸில் கட்டவிடாதவன், அதை நினைச்சுக்கிட்டுச் சண்டை போடுங்க என்று நான்தான் கத்தி அடக்கினேன். கணாரேட்டன் கடைசியாக ஒன்று சொன்னார். ரோஹிணி வந்தால்தான் கூட்டம். அவள் வராமல் நடத்தினால் மைக் கொடுக்க மாட்டாராம்.

அவர் மைக் இல்லாமல் கூட்டமா? எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளைக் கூப்பிடப் போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் அவரும் போனோம்.

ரோஹிணி பால் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். அதுவரை சரி. கணாரேட்டன் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். பேனருக்கு. பஸ் சீட்டில் உட்கார்ந்து பவித்ரன் பல்லைக் காட்டுகிறான், காதில் மூடி. இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லை, காதிலிருப்பதைக் கம்ப்யூட்டரில் அழித்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார் என்று நான் சொன்னேன்.

அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"படத்துல அழிச்சிடலாம். நான் கழட்டினேனே, அது இன்னும் என் விரல்ல இருக்கு விலாசினியேச்சி. அதை எந்தக் கடைக்காரன் அழிப்பான்?"

அவள் கணாரேட்டன் பக்கம் திரும்பினாள். அவர் காதைப் பார்த்தாள், புண்ணைப் பார்த்தாள்.

"வர்றவங்க எல்லாம் ஒரே பாட்டு. ஆடிக்கிட்டே இருந்தார், திடீர்னு சாஞ்சுட்டார்னு. காலையில தோள் கனக்குதுன்னுட்டுதான் பஸ் எடுக்கப் போனார். நாலு பேர் ஒரு மேஜையில முகத்தோட முகம் பார்த்து உட்கார்ந்திருந்தீங்க. அவருக்கு வலிச்சிருக்காதா? யாருமே பார்க்கலியா? கடைசியா என்ன சொன்னார்? அதையாவது ஒருத்தர் சொல்லுங்க கணாரேட்டா."

அவர் உதடு அசைந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் நடுவில் புகுந்து எதையாவது சொல்லலாமென்று பார்த்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"கூட்டத்துல சொல்றேன்," என்றார்.

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லாருக்கும்தான் சொல்லணும்."

"அப்ப வர்றேன்," என்றாள் ரோஹிணி. "சொல்லலைன்னா எழுந்து வந்துடுவேன். அதுக்கப்புறம் நீங்க யாரும் இந்தப் படி ஏற வேண்டாம். படத்துல ஒண்ணையும் அழிக்க வேண்டாம்."

திரும்பி வரும்போது அவர் வரப்பில் இரண்டு முறை தடுக்கினார். மைக் டெஸ்டிங்கைத் தவிர வேறெதுவும் மைக்கில் சொல்லாத மனிதர் எப்படிச் சொல்லப்போகிறார், அதுவும் என்னத்தைச் சொல்லப்போகிறார் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லாமல் விட்டால் ரோஹிணியும் போய்விடுவாள். அந்தக் குணுக்கோடுதான் இவரையும் எரிக்க வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் முன்னால் பந்தல். கறுப்புத் துணி பேட்ஜெல்லாம் நான் தைத்தது. கணாரேட்டன் விடிந்ததிலிருந்து ஒயர் கட்டினார். ஸ்பீக்கரை ஒரு தடவை தெற்கே திருப்புவார், ஒரு தடவை வடக்கே திருப்புவார். இருக்கிற இரண்டு ஸ்பீக்கருக்கும் இருக்கிறது ஒரே தெரு, அதற்கு இத்தனை திருப்பல். பேனரில் பவித்ரன் மூடியோடு சிரித்தான். ரோஹிணி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கையில் ஒரு சின்ன பர்ஸ்.

ஒரு நிமிட மௌனம். பிறகு ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு கட்சி, பிறகு மற்றது, பிறகு பஸ் முதலாளி, பிறகு பஞ்சாயத்து உறுப்பினர். மனிதநேயர், மக்கள் தொண்டர், ஈடு செய்ய முடியாத இழப்பு. ஒருவர் பவித்ரனைக் கண்டக்டர் என்றே பேசி முடித்தார். ரோஹிணி கேன் நிறையத் தண்ணீர்ப்பால் வந்த நாளில் வைத்திருக்கும் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்ப்பதும் கணாரேட்டனைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவர் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் ஸ்டூலில் குனிந்திருந்தார்.

கடைசியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பழக்கம். "ஹலோ," என்று வாயில் வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். ஸ்பீக்கர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ரோஹிணி பர்ஸை மடியிலிருந்து கையில் எடுத்ததைப் பார்த்தேன். எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நானும் பவித்ரனும் கள்ள ஆட்டம் ஆடினோம்," என்றார் கணாரேட்டன்.

பந்தலில் சலசலப்பு. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்கும். இத்தனை வருஷமும் இரண்டு பேரும் சைகை வைத்துத்தான் ஆடினார்களாம். மூக்கைச் சொறிந்தால் கிளாவர் குலான் கையில் இருக்கிறது. காதை இழுத்தால் டைமன் குலான். இருபத்தெட்டில் குலான், அதாவது ஜாக்கிதான் பெரிய சீட்டு, ராஜாவெல்லாம் அதற்குக் கீழே. இடது தோளைத் தேய்த்தால் இஸ்பேடு குலான். இவ்வளவையும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு நிமிர்ந்து ரோஹிணியைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவன் இடது தோளைத் தேய்ச்சான். விடாம தேய்ச்சான். எனக்குச் சந்தோஷமாயிடுச்சு ரோஹிணி. இஸ்பேடு அவன்கிட்ட இருக்குன்னு நான் இருபத்திரெண்டு கேட்டேன். அவன் மறுபடியும் தேய்ச்சான். தெரியுதுடா, போதும்டான்னு கண்ணால சொன்னேன்."

அவர் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தோத்துட்டோம். அவன் கையில இஸ்பேடு ஒண்ணுகூட இல்ல. எனக்குக் கோபம். ஏன்டா ஏமாத்தினேன்னு முறைச்சேன். அவன் என்னைப் பார்த்தான். அப்பவும் எனக்குப் புரியல. மொய்து குணுக்கை மாட்டினான். 'ஏட்டா, இது கனக்குது'ன்னான். சோடா மூடி கனக்குதான்னு நாங்க எல்லாம் சிரிச்சோம். அதுதான் அவன் கடைசியாச் சொன்னது." மூச்சு வாங்கிக்கொண்டார். "வலிக்குதுன்னு என்கிட்டதான் சொன்னான். வேற யார்கிட்டயும் இல்ல, என்கிட்ட. எனக்குச் சீட்டுதான் தெரிஞ்சுது."

அதற்குமேல் அவருக்கு முடிக்கத் தெரியவில்லை. பேசினவர்களெல்லாம் நன்றி வணக்கம் சொல்லித்தான் இறங்குவார்கள். இவர் மைக்கின் பொத்தானை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார். மைக்குக்குப் பின்னால் இத்தனை வருஷம் நின்ற மனிதர் முன்னால் நின்று நடுங்குவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அச்சுதன் மாஷ் இருந்த இடத்திலிருந்தே எழுந்தார். "கணாரா, தோளைத் தேய்ச்சா இஸ்பேடுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். மொய்து இருமினா அது என்னன்னு நீ நினைச்சே, ஆஸ்துமாவா?" என்றார். பந்தலில் சிரிப்பு பொத்துக்கொண்டது. மாஷ் சிரிக்கவில்லை. "அன்னிக்கு இஸ்பேடு குலான் என் கையில. இல்லாத சீட்டுக்குத் தோளைத் தேய்க்கிறானே, என்ன புது தந்திரம்னு நானும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்," என்று சொல்லிவிட்டு, வேட்டி நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். மொய்து தலையே நிமிரவில்லை.

கூட்டம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆட்கள் தாமாக எழுந்து கலைந்தார்கள். ரோஹிணி மட்டும் எழவில்லை. கணாரேட்டன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தபோதுதான் எழுந்து அவர் பக்கத்தில் போனாள்.

"அதைக் கழட்டுங்க," என்றாள், காதைக் காட்டி.

"ஜெயிச்சாத்தான் கழட்டலாம்."

"சரி. சீட்டை எடுங்க."

அவர் விளங்காமல் பார்த்தார். ரோஹிணி கிளப்புக்குள் போய், யாரும் இத்தனை நாள் தொடாத மேஜையில், பவித்ரன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் உட்கார வேண்டாம் என்று அவர் சொன்ன இடம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒயரைக் கீழே போட்டுவிட்டு எதிரே போய் உட்கார்ந்தார். மாஷும் மொய்துவும் கூப்பிடாமலே வந்தார்கள். நான் ஜன்னலுக்குப் போகாமல் உள்ளேயே நின்றுகொண்டேன்.

அவளுக்கு ஆடத் தெரியுமா என்று மொய்து தயங்கித் தயங்கிக் கேட்டார். தினமும் ராத்திரி சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அன்றைய ஆட்டம் முழுக்கத் திரும்ப ஆடிக் காட்டின புருஷனோடு அல்லவா குடித்தனம் நடத்தினேன் என்றாள்.

சீட்டுப் போட்டார்கள். ரோஹிணி பதினேழு கேட்டு, துருப்பைக் கவிழ்த்து வைத்தாள். ஆட்டம் அவள் பக்கம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது பிடி வந்ததும் கையிலிருந்த சீட்டுகளை மேஜையில் கவிழ்த்தாள்.

"மாஷே, உங்க கையைக் காட்டுங்க."

மாஷ் காட்டவில்லை. அவளே எட்டி வாங்கினாள். வெட்ட வேண்டிய சீட்டு அவர் கையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மொய்துவிடமும் அப்படித்தான்.

"தண்ணி கலந்த பாலை நான் முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்," என்றாள். "இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்து இதைக் கழட்டினா அது போனவரைத் தோத்தவனாவே வச்சிருக்கிற மாதிரி. ஒழுங்கா ஆடுங்க. இல்லைன்னா எழுந்துக்கோங்க."

மறுபடி கலைத்துப் போட்டார்கள். இந்த முறை மாஷ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மொய்து இருமவில்லை. நல்ல ஆட்டம். ஒவ்வொரு பிடிக்கும் என் உயிர் போய் வந்தது. கடைசிப் பிடியில் மொய்து வெட்டினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஆனால் வெட்டினார். ஒரு புள்ளியில் கணாரேட்டனும் ரோஹிணியும் தோற்றார்கள்.

கணாரேட்டன் புண்ணான காதைத் தொட்டுக்கொண்டார். சரிதான், இனி இவருக்கு விடிவு கிடையாது என்று நினைத்தேன்.

ரோஹிணி பர்ஸைத் திறந்தாள். பவித்ரன் காதிலிருந்து கழற்றியதை எடுத்தாள். கம்பியை விரலால் சற்று அகட்டி, தன் தோட்டுக்கு மேலே, காது மடலில் மாட்டிக்கொண்டாள். சோடா மூடி அவள் கன்னத்தில் இடித்துக்கொண்டு ஆடியது.

"கனக்கத்தான் செய்யுது," என்றாள்.

மொய்து எழுந்து வெளியே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். மாஷ் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்தார். எல்லோர் கையிலும் சீட்டு வந்த பிறகு ரோஹிணி கணாரேட்டனைப் பார்த்துச் சொன்னாள்:

"இனிமே நம்ம ஜோடியில சைகை கிடையாது. வலிச்சா வாயைத் திறந்து சொல்லணும்."

அவர் தலையாட்டினார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவர் சீட்டை விரித்தார், மூடினார். உதடு பலமுறை அசைந்தது.

"வலிக்குது ரோஹிணி," என்றார்.

"எனக்கும்தான்," என்றாள் அவள். "ம், கேளுங்க."

கணாரேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினாலு கேட்டார்.